போக்குவரத்தும் எரிபொருட் சிக்கனமும்: சிங்கப்பூர் உணர்த்தும் பாடம்

தோற்றுவாய்

மனிதன் ஓரிடத்தில் நிலைத்து வாழத் தொடங்கிய பின்னரும் அவனுடைய கால்கள் ஓய்ந்துவிடவில்லை. கல்வி, தொழில், வாணிகம், மருத்துவம், உறவு எனப் பல தேவைகள் அவனை நாள்தோறும் வீட்டைவிட்டு வெளியே அழைத்த வண்ணம் உள்ளன. நடையும் ஓடமும் மாட்டுவண்டியும் இப்பணியை ஆற்றிய காலம் போய், பெட்ரோலும் டீசலும் அதனை ஏற்றுக்கொண்டு ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. இதனால் விளைந்த நன்மைகளை நாம் அனைவரும் துய்த்து வருகிறோம். அந்நன்மைகளுக்கு நாம் கொடுத்துவரும் விலை யாது, அவ்விலையைக் குறைக்க அரசுகள் வகுத்த கொள்கைகளுள் எவை பயன் தந்தன, எவை குறைபட்டன என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ள சிங்கப்பூர், 1975ஆம் ஆண்டு முதல் இத்துறையில் மேற்கொண்டுவரும் முயற்சிகளை ஈண்டுச் சிறப்பாக எடுத்துக்கொள்வோம்.

ஒரு லிட்டர் பெட்ரோல்

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவை ஒட்டியதாகும். அது எரியும்போது வெளிவரும் கரியமில வாயுவின் எடையோ ஏறத்தாழ 2.3 கிலோ. எரித்த பொருளைவிட எழுந்த புகை மூன்று மடங்கு எடை மிக்கது என்பது கேட்பவர்க்கு வியப்பாகத் தோன்றும். விளக்கம் எளிது. பெட்ரோலின் எடையில் பெரும்பகுதி கார்பன். 12 பங்கு எடையுள்ள கார்பன் எரியும்போது காற்றிலிருந்து 32 பங்கு ஆக்சிஜனைக் கவர்ந்து, 44 பங்கு எடையுள்ள கரியமில வாயுவாக மாறுகிறது. டீசல் சற்று அடர்த்தி மிக்கதாதலால் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ வாயுவை வெளிவிடுகிறது.

ஊர்திகளின் புகையில் உள்ள ஏனைய நச்சுகளை வினையூக்கிக் கருவிகளைக் கொண்டு பெருமளவு குறைத்துவிடலாம். இன்றைய ஊர்திகளில் அவ்வாறே குறைத்தும் வருகின்றனர். ஆனால் கரியமில வாயுவை இவ்வாறு வடிகட்டிவிட இயலாது. அது எரிதலின் பிழையால் தோன்றுவதன்று. முறையாக எரிதலின் விளைவே அது. எனவே கார்பனைக் கொண்ட எரிபொருளைக் குறைவாக எரிப்பது ஒன்றே அதனைக் குறைக்கும் வழியாகும். ஆற்றலைச் சேமித்தலும் புவி வெப்பமடைதலைத் தடுத்தலும் போக்குவரத்துத் துறையில் ஒரே செயலின் இரு பெயர்களாகி நிற்பது இதனாலேயே. எரிபொருள் பயன்பாட்டால் உலகெங்கும் வெளிப்படும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போக்குவரத்திலிருந்து எழுகிறது. அதிலும் பெரும்பகுதி சாலைப் போக்குவரத்தைச் சார்ந்தது.

இருக்கையின் கணக்கு

எந்த ஊர்தி சிக்கனமானது? இவ்வினாவிற்கு விடை காண ஓர் எளிய கணக்கினைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்தின் பொருட்டுக் கொள்ளப்பட்டவை.

நகரப் பேருந்து ஒன்று ஒரு லிட்டர் டீசலில் 4 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். ஒரு கிலோமீட்டருக்கு அது 250 மில்லி லிட்டரைக் குடிக்கிறது. அதில் 50 பேர் பயணம் செய்தால் ஆளுக்கு 5 மில்லி லிட்டரே செலவாகிறது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளில் ஒருவர் தனியே செல்லும்போது கிலோமீட்டருக்கு 20 மில்லி லிட்டர் ஆகிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் மகிழுந்தில் ஒருவர் மட்டும் சென்றால் ஏறத்தாழ 67 மில்லி லிட்டர். அதே மகிழுந்தில் நால்வர் சென்றால் ஆளுக்கு 17 மில்லி லிட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

இக்கணக்கில் மற்றொரு செய்தியும் பொதிந்துள்ளது. அதே பேருந்தில் பத்துப் பேர் மட்டுமே இருந்தால் ஆளுக்கு 25 மில்லி லிட்டர் ஆகிறது. அஃதாவது, தனியே செல்லும் மோட்டார் சைக்கிளைக் காட்டிலும் அது செலவு மிக்கதாகிவிடுகிறது. ஆகவே சிக்கனம் என்பது ஊர்தியின் இயந்திரத்தில் மட்டும் உறைவதன்று. அதன் இருக்கைகளிலும் உறைகிறது. காலியாக ஓடும் இருக்கையே போக்குவரத்தின் பெருஞ்செலவு எனலாம். இவ்வுண்மையை மனத்திற் கொண்டு கொள்கைகளை நோக்குவோமாக.

மூவகைக் கொள்கைகள்

போக்குவரத்தில் ஆற்றலைச் சேமிக்கும் கொள்கைகளை அறிஞர் மூன்றாகப் பகுப்பர். முதலாவது தவிர்த்தல். வீடும் பள்ளியும் கடையும் பணியிடமும் அருகருகே அமையுமாறு நகரைத் திட்டமிட்டு, நெடும் பயணத்தின் தேவையையே குறைப்பது இது. இரண்டாவது மாற்றுதல். தனி ஊர்திகளில் செல்வோரைப் பேருந்து, ரயில், மிதிவண்டி, நடை ஆகியவற்றின்பால் திருப்புவது. மூன்றாவது திருத்துதல். இயந்திரத்தையும் எரிபொருளையும் மேம்படுத்துவது.

இவற்றுள் மூன்றாவதையே அரசுகள் பெரிதும் விரும்புகின்றன. மக்களின் பழக்கத்தில் கை வைக்காமல் தொழிற்சாலையின் வாயிலிலேயே காரியத்தை முடித்துவிடலாம் என்பது அதன் கவர்ச்சி. அஃது எவ்வளவு தூரம் பயன் தரும் என்பதற்கு அமெரிக்க நாட்டின் வரலாறு சான்று பகர்கிறது.

1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியால் திகைத்துப்போன அமெரிக்கா, 1975இல் ஒரு சட்டம் இயற்றியது. ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் மகிழுந்துகளின் சராசரித் திறன் 1985ஆம் ஆண்டுக்குள் ஒரு கேலனுக்கு 27.5 மைல், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 11.7 கிலோமீட்டர் ஆக வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. நெருக்கடிக்கு முன்பிருந்த நிலையினும் இஃது ஏறத்தாழ இரு மடங்காகும். விதி நற்பயன் விளைத்தது. ஊர்திகளின் திறன் உயர்ந்தது. ஆயினும் இலகு சரக்கு ஊர்திகளுக்குத் தளர்ந்த அளவே விதிக்கப்பட்டிருந்தது. அவ்வகையில் சேர்க்கப்பட்ட பெரிய குடும்ப ஊர்திகளை மக்கள் 1990களில் விரும்பி வாங்கலாயினர். ஊர்திகளும் பெருகின, அவை ஓடும் தூரமும் பெருகியது. 1980களின் தொடக்கத்தில் குறைந்திருந்த பெட்ரோல் பயன்பாடு 1990களில் பழைய உச்சத்தையும் தாண்டிச் சென்றது.

இப்போக்கினை வேறொரு துறையில் முன்னரே கண்டு சொன்னவர் ஆங்கிலப் பொருளியலறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவான்ஸ். நிலக்கரியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் இயந்திரங்கள் வந்த பின்னர் நிலக்கரியின் தேவை குறையாமல் வளர்ந்ததை 1865இல் வெளியிட்ட நூலில் அவர் எடுத்துக்காட்டினார். ஒன்றின் செலவு குறையக் குறைய அதன் பயன்பாடு கூடுவது மனித இயல்பு. திருத்துதல் இன்றியமையாதது, ஆனால் தனித்து நின்றால் அதன் ஆதாயத்தில் ஒரு பகுதி வழியிலேயே கரைந்துவிடும்.

சிங்கப்பூரின் முயற்சி

சிங்கப்பூர் ஏறத்தாழ 730 சதுர கிலோமீட்டர் பரப்பேயுடைய தீவு நாடு. சாலைகளுக்கு ஒதுக்க நிலம் அங்கே அருமை. 1970களின் தொடக்கத்தில் வருமானம் உயர உயர மகிழுந்துகளும் பெருகி, நகரின் மையப்பகுதி நெரிசலில் திணறத் தொடங்கியது. அந்நாட்டின் முதல் நோக்கம் நெரிசலைத் தீர்ப்பதே. புவி வெப்பம் பற்றிய பேச்சு அன்று அரசு மன்றங்களை எட்டவில்லை. எனினும் நெரிசலுக்கு இட்ட மருந்தே எரிபொருளுக்கும் மருந்தானது.

1973இல் தனித்தனியே இயங்கிவந்த பேருந்து நிறுவனங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டு, பேருந்துச் சேவை சீரமைக்கப்பட்டது. பின்னர் 1975 ஜூன் 2ஆம் நாள் வட்டார உரிம முறை நடைமுறைக்கு வந்தது. ஆறு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட மையப்பகுதியைச் சுற்றி எல்லை வகுத்தனர். காலை 7.30 மணி முதல் 9.30 மணி வரை அவ்வெல்லைக்குள் நுழையும் மகிழுந்து நாளொன்றுக்கு 3 வெள்ளி செலுத்தி உரிமச் சீட்டினைப் பெற்று முகப்புக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நுழைவாயில்களில் நின்ற காவலர் சீட்டில்லாத ஊர்திகளின் எண்களைக் குறித்துக்கொள்வர். எந்த ஊர்தியையும் நிறுத்துவதில்லை. பேருந்துகள், சரக்கு ஊர்திகள், இருசக்கர ஊர்திகள் ஆகியவற்றிற்கு விலக்கு அளிக்கப்பட்டது. நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோர் அமர்ந்து வரும் மகிழுந்துக்கும் கட்டணம் இல்லை. இவ்விலக்கு நாம் மேலே கண்ட இருக்கைக் கணக்கினையே சட்டமாக்கியது எனலாம்.

விளைவு உடனே தெரிந்தது. கட்டண நேரத்தில் எல்லைக்குள் நுழைந்த ஊர்திகளின் தொகை ஏறத்தாழ பாதியளவாகக் குறைந்தது. மகிழுந்துகளின் வீழ்ச்சி அதனினும் பெரிது. பணிக்குப் பேருந்தில் செல்வோர் பங்கு உயர்ந்தது. அண்டை வீட்டாரும் அலுவலக நண்பரும் ஒரே மகிழுந்தில் சேர்ந்து வரலாயினர்.

எதிர்பாராதனவும் நிகழ்ந்தன. 9.30 மணி அடித்தவுடன் ஊர்திகள் வெள்ளமென உள்ளே புகுந்தன. எனவே சில வாரங்களுக்குள் கட்டண நேரத்தை 10.15 மணி வரை நீட்டித்தனர். எல்லைக்கு வெளியே மகிழுந்தை நிறுத்திவிட்டுத் தனிப் பேருந்தில் உள்ளே செல்லலாம் என்று வகுத்த திட்டத்திற்கோ வரவேற்பில்லை. வீட்டிலிருந்தே பேருந்தில் ஏறுவதையோ, நால்வராகச் சேர்ந்து வருவதையோதான் மக்கள் விரும்பினர். திட்டத்தில் பிழை கண்டபோது அதனைக் கைவிடாமலும், பிழையை மறைக்காமலும் திருத்திக்கொண்டதே அதன் நீடித்த வாழ்வுக்குக் காரணம் என்பது நம் கருத்து.

அடுத்தடுத்த படிகள்

1987 நவம்பரில் சிங்கப்பூரின் பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியது. அதன் பின்னர்க் கட்டுப்பாடுகள் மேலும் இறுகின. 1989இல் மாலை நேரத்திற்கும் கட்டணம் வந்தது. நால்வர் செல்லும் மகிழுந்துக்கிருந்த விலக்கும் நீங்கியது. 1990இல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை அறிமுகமாயிற்று. ஆண்டுதோறும் எத்தனை புதிய ஊர்திகளை அனுமதிக்கலாம் என்று அரசு அறுதியிடும். அவற்றை வாங்க விரும்புவோர் ஏலத்தில் போட்டியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும். அஃது பத்தாண்டுகளுக்கே செல்லும். தொடக்கத்தில் ஆண்டுக்கு 3 விழுக்காடு என்றிருந்த வளர்ச்சி வரம்பு படிப்படியாகக் குறைந்து, 2018 பிப்ரவரி முதல் மகிழுந்துகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் சுழியமாயிற்று. பழையது ஒன்று நீங்கினாலன்றிப் புதியது ஒன்று வர இயலாது.

1998இல் காகித உரிமச் சீட்டு மறைந்து மின்னணுச் சாலைக் கட்டண முறை வந்தது. சாலையின் மேல் அமைந்த வளைவின் கீழ் ஊர்தி செல்லும்போதெல்லாம் அதனுள் பொருத்திய கருவியிலிருந்து கட்டணம் கழிந்துவிடும். இடத்திற்கும் நேரத்திற்கும் ஏற்பக் கட்டணம் மாறுபடும். நாள் முழுவதற்கும் ஒரே சீட்டு வாங்கியவர் எத்தனை முறையும் வந்துபோகலாம் என்றிருந்த நிலை மாறி, ஒவ்வொரு பயணத்திற்கும் ஒரு விலை உண்டு என்றாயிற்று.

குறைகளும் ஐயங்களும்

இம்முறைகளைக் குற்றமற்றவை எனக் கூறிவிட முடியாது. 2023இல் சிறிய மகிழுந்துக்கான உரிமைச் சான்றிதழின் விலையே ஓர் இலட்சம் வெள்ளியைக் கடந்தது. ஊர்தியின் விலை இதனின் வேறு. பொருள் படைத்தோர்க்கு மட்டுமே மகிழுந்து என்னும் நிலை நீதியாகுமா என்ற வினா அங்கே எழுப்பப்படுகிறது. பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துச் செல்லும் குடும்பத்தார்க்கு இது மெய்யான இடர்ப்பாடு. மேலும், பெருவிலை கொடுத்து வாங்கியவர் அதனை வீட்டில் நிறுத்திவைக்க மனங்கொள்வதில்லை. கொடுத்த பணத்திற்கு ஓட்டித் தீர்க்கவே முற்படுவர். வாங்குவதற்கு மட்டும் வரி விதித்தால் போதாது, ஓட்டுவதற்கும் விலை வேண்டும் என்னும் வாதத்திற்கு இதுவே அடிப்படை.

எனினும் மறுபக்கத்தையும் காண வேண்டும். சிங்கப்பூரில் மகிழுந்து வைத்திருக்கும் குடும்பங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கே. எஞ்சிய குடும்பங்கள் நம்பியிருக்கும் பேருந்தும் ரயிலும் குறித்த நேரத்தில் சென்று சேர்வதே அவர்களுக்கு நீதி. நெரிசலில் நிற்கும் ஒரு பேருந்தில் ஐம்பது பேரின் நேரம் வீணாகிறது. அந்நெரிசலை உண்டாக்கும் மகிழுந்திலோ பெரும்பாலும் ஒருவரே அமர்ந்திருக்கிறார். சாலை பொதுச்சொத்து எனில், அதில் யாருக்கு எவ்வளவு இடம் என்பதும் பொதுவில் தீர்க்கப்பட வேண்டியதே.

மக்களின் இசைவைப் பெற்று இதனைச் செய்ய இயலுமா என்னும் ஐயத்திற்கு சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரம் விடை தந்தது. அங்கே 2005 ஆகஸ்டிலேயே கூடுதல் பேருந்துகள் விடப்பட்டன. 2006 ஜனவரி முதல் ஜூலை வரை நகருக்குள் நுழையும் ஊர்திகளிடம் சோதனை முறையில் கட்டணம் பெற்றனர். எல்லையைக் கடந்த ஊர்திகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. பின்னர்ச் சோதனையை நிறுத்திவிட்டு, செப்டம்பரில் வாக்கெடுப்பு நடத்தினர். தொடக்கத்தில் எதிர்ப்பு மிகுந்திருந்தும், பயனைக் கண்ணாற் கண்ட நகர மக்களுள் பெரும்பான்மையோர் ஆதரவாக வாக்களித்தனர். 2007 ஆகஸ்டு முதல் கட்டணம் நிலைபெற்றது. சிங்கப்பூரிலும் ஸ்டாக்ஹோமிலும் வரிசை ஒன்றே: முதலில் பேருந்து, அடுத்துக் கட்டணம். மாற்று வழி காட்டாமல் விதிக்கும் கட்டணம் தண்டமாகும். மாற்று வழி காட்டியபின் விதிப்பதே கொள்கையாகும்.

நம் மண்ணில்

இப்பாடத்தை நம் மாநிலத்தோடு பொருத்திப் பார்த்தல் பொருத்தமுடைத்து. சிங்கப்பூரைப் போல் நாம் ஒரு நகர அரசு அல்லோம்; பரந்த கிராமப்புறங்களைக் கொண்டவர்கள். எனவே அங்குள்ள முறையை அப்படியே பெயர்த்து நடுதல் கூடாது. ஆனால் அதன் முதற்படி நம்மிடம் முன்னரே உள்ளது. சென்னையில் 1895ஆம் ஆண்டிலேயே மின்சார டிராம் ஓடியது. 1953இல் அது நின்றுபோனது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் வந்தது. 1972 முதல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் அமைந்து சிற்றூர்களையும் பேருந்து எட்டியது. மாணவர்க்குக் கட்டணமில்லாப் பயண அட்டை வழங்கப்படுகிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். மகளிர் நலன் கருதி வந்த இத்திட்டம், பேருந்தின் இருக்கைகளை நிரப்புவதால் ஆற்றற் சிக்கனத்திற்கும் துணையாகிறது.

ஆயினும் இந்தியாவில் பதிவான ஊர்திகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு இருசக்கர ஊர்திகள் என்பதை மறத்தலாகாது. பேருந்து தாமதமானால் ஒருவர் மோட்டார் சைக்கிள் வாங்குகிறார். அவரைப் போல் பலர் விலகினால் வருவாய் குறைகிறது. வருவாய் குறைந்தால் நடைகள் குறைகின்றன. நடைகள் குறைந்தால் மேலும் பலர் விலகுகின்றனர். இறுதியில் பேருந்தையே நம்பியுள்ள ஏழை மாணவனும் கூலித் தொழிலாளியும் வெயிலில் காத்து நிற்கின்றனர். இச்சுழலை உடைப்பதே நம் கொள்கையின் தலையாய பணியாக வேண்டும். பேருந்துகளைப் பெருக்குதல், அவற்றிற்கெனச் சாலையில் தனித்தடம் ஒதுக்குதல், நிழலுள்ள நிறுத்தங்கள், நடப்போர்க்குத் தடையற்ற நடைபாதைகள் ஆகியன முதலில் வேண்டும். நகர மையங்களில் ஊர்தி நிறுத்தக் கட்டணம் போன்றவை அதன்பின் வரலாம்.

மின்சார ஊர்திகள் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று கருதுவோர் உளர். மின் இயந்திரம் பெட்ரோல் இயந்திரத்தைவிடத் திறன் மிக்கது என்பது உண்மை. ஆனால் இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து கிடைக்கிறது. காற்றாலையும் கதிரவனும் அவ்விடத்தைப் பிடிக்கும் அளவுக்கே மின்சார ஊர்தியும் தூய்மையடையும். மேலும், ஒருவர் மட்டும் அமர்ந்து செல்லும் மகிழுந்து மின்சாரத்தில் ஓடினாலும் சாலையில் அதே இடத்தைத்தான் அடைக்கும். அதே மின்சாரத்தைப் பேருந்துக்கு ஊட்டினால் ஐம்பது பேர் பயன் பெறுவர்.

நிறைவுரை

இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்கள் தம் வாழ்வோடு இதனைப் பொருத்திப் பார்க்க ஒரு கணக்கினைக் கூறி நிறைவு செய்கிறோம். கல்லூரியிலிருந்து 15 கிலோமீட்டர் தொலைவில் வாழும் மாணவர் ஒருவர் ஆண்டில் 200 நாள்கள் வந்து செல்வதாகக் கொள்வோம். மேற்கூறிய அளவின்படி, தனியே மோட்டார் சைக்கிளில் வந்தால் 120 லிட்டர் பெட்ரோல். வெளிவரும் கரியமில வாயு ஏறத்தாழ 276 கிலோ. நிறைந்த பேருந்தில் வந்தால் அவர் பங்குக்கு 30 லிட்டர் டீசல். வாயு ஏறத்தாழ 81 கிலோ. நண்பர் ஒருவரைப் பின்னிருக்கையில் ஏற்றி வந்தால்கூட மோட்டார் சைக்கிளின் செலவு ஆளுக்குப் பாதியாகிறது.

தனிமனிதரின் நல்லெண்ணம் மட்டும் உலகைக் காத்துவிடாது. குறித்த நேரத்தில் வராத பேருந்துக்காகக் காத்திருக்கும்படி எவரையும் அறிவுறுத்துதல் நேர்மையுமன்று. நல்ல பேருந்தைக் கேட்டுப் பெறுதல் குடிமக்களின் உரிமை. அதனைத் தருதல் அரசின் கடமை. வந்தபின் அதில் ஏறி அமர்தல் நம் பொறுப்பு. இம்மூன்றும் இணையும் நாளில் நம் சாலைகளில் ஊர்திகள் குறையும். மக்கள் சென்று சேர்வது குறையாது.